தோட்டத்து வாத்தியார் வீடு ஒன்றாவது நிற்கட்டும்



ஜொகூர் பாரு ஜாலான் இப்ராகிமில் 2009 முதல் சீனர் பாரம்பரிய அருங்காட்சியகம் இயங்குகிறது. கம்பீரும் மிளகும் பயிரிட வந்தவர்களின் கதையை அங்கே பார்க்கலாம். பால்மரம் சீவ வந்த நம்மவர் கதைக்கும் இந்த மாநிலத்தில் ஒரு வீடு வேண்டாமா? அது தோட்டத்து வாத்தியார் வீடாக இருக்கட்டும் என்பேன்.

துரை பங்களா எப்படியும் பிழைத்துக்கொள்ளும். தங்கும் விடுதியாக்க ஆள் வருவார்கள். வாத்தியார் வீட்டுக்கு யார் வருவார்? பலகைச் சுவர், தகரக் கூரை, முன்னால் இரண்டு சிமெண்டுப் படி. ஊருக்குக் கடிதம் எழுத, வந்த கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்க, பாரம் நிரப்ப, திருவிழா நாடகத்துக்கு வசனம் பழக என்று லயத்து மக்கள் ஏறி இறங்கிய படி அது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது இத்தகைய வீடுகளும் சேர்ந்தே இடிபட்டன.

தமிழ்நாட்டில், உத்தமதானபுரத்து உ.வே.சா. வீடு அரசு நினைவில்லமாக இருக்கிறது. அவர் பேரறிஞர். நம் வாத்தியார்களுக்கு அந்தப் புகழ் இல்லை. அவர்களிடம் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் நாம் இருக்கிறோம்.

2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி இத்தகைய வீட்டை மரபுடைமைப் பட்டியலுக்கு யாரும் முன்மொழியலாம். ஆனால் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் கரையான் விட்டுவிடுமா? பராமரிக்க ஓர் அமைப்பு வேண்டும். தொழிலாளர்களின் பத்துப் பத்து வெள்ளியில் 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இதற்கு முன்வரலாம். வீட்டுக்குள் வைக்கப் பொருளும் வேண்டும்; பழைய பாடநூல், வருகைப் பதிவேடு வைத்திருப்போர் அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடாமல் இருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

வாசகர்,
குளுவாங், ஜொகூர்