கிணற்றுக்குப் பட்ட கடன்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்றதும் தோல் தொழிலும், அதில் ஈட்டிய பொருளால் மதரஸாக்களையும் கல்லூரிகளையும் எழுப்பிய நம் முன்னோரும் நினைவுக்கு வருகின்றனர். 1919-இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியால் பயன்பெற்றோர் பல தலைமுறையினர். அக்கொடையை நாம் மறக்கவில்லை. அதே தொழில் பாலாற்றுக்குச் செய்ததை மறைக்கவும் இயலாது.

ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாயிற்று. 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் பதிவான கணக்குகள் இவை. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை நம் நாட்டில் வேரூன்றச் செய்த வழக்குகளுள் இதுவும் ஒன்று. பெருமைப்படத்தக்க புகழன்று. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

‘ஜகாத் கொடுக்கிறோம், ஏழைக் குமர்களைக் கரையேற்றுகிறோம்’ என்பர் சிலர். நற்செயல்களே. ஆனால் அண்டை வயல்காரரின் கிணறு கெட்டது ஹக்குல் இபாதைச் சார்ந்தது. உரியவருக்கு ஈடு செய்யாமலும் அவர் மன்னிக்காமலும் அது தீராது. வேறொருவருக்கு வழங்கும் ஸதகா அதை அடைக்காது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, குரோமியம் கலந்த நீரைப் பற்றி நாம் ஃபத்வா கேட்கவும் வேண்டுமா?

புதுமைகள் வாராமலில்லை. நீரின்றிக் குரோம் பதனிடும் முறையைச் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. வரவேற்போம். எனினும் பச்சைத்தோல் அழுகாதிருக்க இடும் உப்பு, ஊறவைக்கும் நீரில் கரைந்துவிடுகிறது. குரோமியத்தைப் பிரித்த பின்னும் எஞ்சிக் கிணறுகளை உவர்ப்பாக்குவது அவ்வுப்பே. ஊறவைக்குமுன் தோலை உதறி உப்பை அகற்றினால் அதில் கணிசமான பங்கு குறையும். அதற்குக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. கூலி கொடுக்க மனம் இருந்தால் போதும்.

ஆண்டுதோறும் ஜகாத் கணக்கிடும் முன், கொடுக்க வேண்டிய கடன்களைப் பட்டியலிட்டுக் கழிக்கிறோம். வங்கிக் கடன் அதில் இருக்கிறது. சரக்கு தந்தவரின் பாக்கியும் இருக்கிறது. கிணறு இழந்த வயல்காரரின் பெயர் மட்டும் ஏன் அதில் இல்லை?