கூலிக்கு ஓராண்டு, கடனுக்கு ஆறாண்டு

வழக்குக்கு ஒரு முடிவு வேண்டும் என்பது நாகரிக சமுதாயங்கள் யாவும் ஏற்றுக்கொண்ட நியதியாகும். சாட்சிகள் மாண்டு, பத்திரங்கள் செல்லரித்துப் போன பின்னர் ஒருவரை நீதிமன்றத்துக்கு இழுப்பது நீதியன்று. ஒருமுறை தீர்ந்த வழக்கை மீண்டும் தொடுப்பதும் அத்தகையதே. ஆகவே, காலவரையறை வேண்டாமென்று நாம் கூறவில்லை. அது எல்லார்க்கும் ஒரே கோலால் அளக்கப்படுகின்றதா என்பதே எமது வினா.

இலங்கையின் 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தை நோக்குவோம். ஈட்டுப் பத்திரத்தின் மேல் வழக்குத் தொடர 10 ஆண்டுகள் உண்டு. புரோநோட்டு முதலிய எழுத்திலான உடன்படிக்கைகளுக்கு 6 ஆண்டுகள். எழுதப்படாத உடன்படிக்கைக்கு 3 ஆண்டுகள். தொழிலாளர், வேலைக்காரர் ஆகியோரின் கூலிக்கோ ஓராண்டு மட்டுமே! கடைப் பற்றுக்கும் அதே ஓராண்டுதான். எனினும், கடைக்காரர் தம் பாக்கிக்கு ஒரு நோட்டு எழுதி வாங்கிக் கொள்ளலாம். கூலிக்காரன் யாரிடம் எழுதி வாங்குவான்?

மலையகத்தார்க்கு இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. துரைமாரும் கங்காணிமாரும் கோலோச்சிய நாளில், கடன் எழுத்தில் இருந்தது. உழைப்போ பிறர் எழுதும் செக்ரோலில் இருந்தது. கடனைக் காட்டித் தொழிலாளியைக் கட்டிவைத்த 'துண்டு' முறை 1921இல் ஒழிந்தது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழில் திணைக்களத்தை நாடும் வழியைத் திறந்தது. ஆயினும், குடியியல் நீதிமன்றப் படியேறுவோனுக்கு அப்பழைய ஓராண்டே இன்றும் எல்லையாக நிற்கின்றது.

மறுவழக்குப் பற்றிய விதிகளும் இத்துடன் சேர்கின்றன. ஒரு வழக்குமூலத்தில் எழும் கோரிக்கை முழுவதையும் ஒரே வழக்கில் கேட்டுவிடல் வேண்டும். விட்ட பகுதியைப் பின்னர் கேட்க இயலாது என்கிறது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. குறைபாடுள்ள வழக்கை நீதிமன்ற அனுமதியுடன் மீட்டுப் புதிதாய்த் தொடரலாம். ஆனால், முதல் வழக்கே இல்லாததுபோல் காலம் கணக்கிடப்படும். ஆறாண்டு உடையவன் தவறிழைத்துத் திருத்திக்கொள்வான். ஓராண்டு உடையவனுக்கு முதல் தவறே இறுதித் தவறு. றொசல்லயிலிருந்து அட்டன் நீதிமன்றத்துக்குப் போய்வர ஒரு நாட் பெயரை இழக்கும் தொழிலாளிக்கு, ஒவ்வொரு தவணையும் அந்த ஓராண்டுக்குள் ஒரு செலவாகும்.

சட்டம் மாறாததொன்றன்று. போர்ச் சூழலால் உரிய காலத்தில் நீதிமன்றம் செல்ல இயலாதோரின் உரிமை காலங்கடந்து அழியாதிருக்கப் பாராளுமன்றம் 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தை இயற்றியது. துப்பாக்கி வழிமறித்தமைக்கு இரங்கிய சட்டம், வறுமையும் அறியாமையும் வழிமறித்தமைக்கும் இரங்குதல் தகும். கூலிக்கான காலம் எழுத்துக் கடனுக்குரிய காலத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பதே எமது கோரிக்கை.

அதுவரை கடமை நம்முடையது. எம் கல்லூரி ஈன்ற சட்டத்தரணிகள் மாதத்தில் ஒரு ஞாயிறேனும் தோட்டங்களுக்குச் சென்று, "பாக்கி விழுந்த திகதியைக் குறித்து வையுங்கள், ஆண்டு முடியுமுன் வாருங்கள்" என்று சொல்லி வருவார்களாயின், அதனினும் சிறந்த விழாக் காணிக்கை வேறில்லை.