மெட்ராஸ் சம்பளத்துக்கு உத்திரமேரூர் தரும் மானியம்

"ஊர்ல உக்காந்து என்னடா பண்ணப் போற? மெட்ராஸ் போய்ப் பொழைக்கிற வழியப் பாரு."

எங்க பக்கம் டிகிரி முடிச்ச எந்தப் பையனும் பொண்ணும் இந்த வசனத்துல இருந்து தப்பிச்சதில்லை. சொல்றவங்க பாதிப்பேர் மெட்ராஸ்ல சொந்த வீடு வாங்கி 20 வருஷம் ஆனவங்க. மீதிப்பேர் மெட்ராஸ்ல ஒரு ராத்திரிகூட தங்காதவங்க. வாடகை வீட்டுல இருக்கிறவன் மட்டும் இந்த அட்வைஸை யாருக்கும் கொடுக்கறதில்லை. கவனிச்சிருக்கீங்களா?

நான் 6 வருஷம் மெட்ராஸ்ல குடித்தனம் இருந்தவன். இப்போ உத்திரமேரூர்ல இருந்து தினம் செங்கல்பட்டுக்கு வேலைக்குப் போய் வர்றேன். சமீபத்துல அத்தை பையன் ஒருத்தன் தன்னோட கணக்கு நோட்டைக் காட்டினான். அதைப் பார்த்த கோபத்துல எழுதறது இது. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க மக்களே.

தம்பிக்கு பெருங்குடி பக்கம் வேலை. கைக்கு வர்ற சம்பளம் 23,500. மேடவாக்கத்துல சிங்கிள் பெட்ரூம் வீடு. மாசக் கணக்கு இப்படிப் போகுது:

வாடகை - 11,000
மெயின்டனன்ஸ் - 800
கரண்ட் (110 யூனிட், யூனிட்டுக்கு 9 ரூபா) - 990
கேன் தண்ணி 12 - 480
பெட்ரோல் - 2,400
மளிகை, காய்கறி, பால் - 5,500
காஸ் - 900
போன், நெட் - 700

கூட்டினா 22,770. மிச்சம் 730 ரூபா. பரவாயில்லையே, கையைக் கடிக்கலையேன்னு தோணும். இருங்க.

மளிகையில அரிசி இல்லை. அரிசி ஊர்ல அவங்க அப்பா நிலத்துல விளையுது. மாசம் 30 கிலோ மூட்டையா பஸ்ல ஏறுது. கடையில வாங்கினா 1,800 ரூபாயாவது ஆகும். அடுத்து அட்வான்ஸ். ஆறு மாச வாடகை, 66,000. அது மனைவியோட நகை, எங்க ஊர் அடகுக் கடையில இருக்கு. நூத்துக்கு ஒண்ணரை வட்டின்னா மாசம் 990 ரூபா. மிச்சமோ 730! அதனால வட்டியை அப்பாதான் கட்டறார். ஸ்கூல் பீஸ்? குழந்தை ஊர்ல ஆயாகிட்ட வளருது. டாக்டர் செலவு, கல்யாண மொய், தீபாவளித் துணி எதுவுமே இந்த நோட்டுல கிடையாது.

அரிசியும் வட்டியும் மட்டும் மாசம் 2,790 ரூபா. உத்திரமேரூர்ல இருக்கிற ஒரு விவசாயி, பெருங்குடியில இருக்கிற ஒரு கம்பெனிக்கு மாசாமாசம் கொடுக்கிற மானியம் இது. "பையன் மெட்ராஸ்ல சம்பாதிக்கிறான்"னு அவர் டீக்கடையில பெருமையா சொல்லிக்கிறார். உண்மையில, பையனை வேலைக்கு வெச்சுக்க அந்தக் கம்பெனி தர வேண்டிய பணத்துல ஒரு பங்கை அவர்தான் தர்றார். நான் சொல்ல வர்ற விஷயம் இவ்வளவுதான். பட்டணத்துச் சம்பளம் பட்டணத்துல வாழப் பத்தலை. பத்தாததைக் கிராமம் போட்டு நிரப்புது. அதுக்கு நாம வெச்சிருக்கிற பேரு முன்னேற்றம்.

இதுல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தா இன்னும் எரிச்சல்தான் வரும். 1960-ல வந்த தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒரு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அந்தச் சட்டம் இருந்தப்பவே மெட்ராஸ்ல பத்து மாச அட்வான்ஸ் வாங்கற வழக்கம் இருந்தது! 2017-ல புதுச் சட்டம் போட்டு 2019 பிப்ரவரியில நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க. மூணு மாச வாடகை வரைக்கும்தான் அட்வான்ஸ், ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி இருந்தா அதன்படின்னு அதுலேயே ஒரு வாலும் இருக்கு. ஒப்பந்தத்தை எழுதறது யாரு? வீட்டுக்காரர். கையெழுத்துப் போடறது யாரு? மறுநாள் வேலையில சேர வேண்டிய, நடுரோட்டுல பெட்டியோட நிக்கிறவன். அப்புறம் என்ன மூணு மாசம்?

காலி பண்ணும்போது இன்னொரு கூத்து. நான் கடைசியா இருந்த வீட்டுல பெயிண்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு அப்புறம் வந்தவர்கிட்ட பேசினேன். பெயிண்ட் அடிக்கலையாம். (சுவத்துல என் பையன் வரைஞ்ச யானை இன்னும் இருக்காம் :-) )

கரண்ட் கதையும் அப்படித்தான். 2016-ல இருந்து வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு அரசாங்கம் கொடுத்தது. சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு ஒரே ரேட்டா வசூல் பண்ற வீட்டுல, அந்த இலவசத்துல ஒரு யூனிட்கூட குடித்தனக்காரனுக்கு வந்து சேராது. அரசாங்கம் கொடுத்தது வீட்டுக்காரர் வாசலோட நின்னுடுது.

தண்ணிக்கு வருவோம். கடற்கரைப் பட்டணம், கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணி. குடிக்கிறது மட்டும் 40 ரூபா கேன். 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்க. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். கடல்தண்ணியைக் குடிநீராக்க மீஞ்சூர்ல 2010-லயும், நெம்மேலியில 2013-லயும் ஆலை வந்தது. நெம்மேலியில 2024-ல ரெண்டாவது ஆலையும் வந்தாச்சு. தாம்பரம், பல்லாவரம் பக்கம் குழாயில வர்றது எந்தத் தண்ணி தெரியுமா? எங்க பாலாத்துத் தண்ணி! பழையசீவரம் பக்கம் ஆத்துல கிணறு போட்டு எடுத்துக்கிட்டுப் போறாங்க. ஆத்துக்கு அக்கரை திருமுக்கூடல், எங்க தாலுகா. அதோட நிக்கலை. எங்க பக்கத்து மலையை உடைச்ச ஜல்லியும் எம்-சாண்டும் ராப்பகலா லாரியில மெட்ராஸ் பக்கம் போகுது. ரோடு குண்டும் குழியுமா எங்களுக்கு.

ஆக, கல்லு எங்களுது, தண்ணி எங்களுது, அரிசி எங்களுது, ஆளும் எங்க ஆளு. எல்லாத்தையும் கொடுத்துட்டு, அதே கல்லுல கட்டின வீட்டுக்குள்ள நுழைய ஆறு மாச அட்வான்ஸும் நாங்களே கொடுக்கணும். நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!

இங்கே மூணு எதிர்க்கேள்வி வரும்னு எனக்குத் தெரியும்.

ஒண்ணு, "ஊர்ல வேலை எங்கப்பா இருக்கு?" நியாயமான கேள்வி. ஏரிப் பாசனத்துல நெல்லு போட்டு மட்டும் ஒரு குடும்பம் நிமிர முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா எங்க மாவட்டத்துலேயே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு தொழிற்சாலைகள் வரிசையா நிக்குது. அங்கேயும் இதே கதைதான். 2021 டிசம்பர்ல பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதியில சாப்பாடு நஞ்சாகி, பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில உக்காந்தது ஞாபகம் இருக்கா? அப்புறம் 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கற விடுதியை 706 கோடி ரூபாயில கட்டித் திறந்தாங்க. நல்ல காரியம், மறுக்கலை. ஆனா அதுக்கு அர்த்தம் என்ன? அந்தச் சம்பளத்துல தனியா வாடகை கொடுத்துக் கௌரவமா இருக்க முடியாதுன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரிதானே?

ரெண்டு, "ஆரம்பத்துல கஷ்டம்தான், போகப்போக சம்பளம் ஏறும்." ஏறும். பதினோரு மாச அக்ரிமெண்ட் முடியறப்ப வாடகையும் ஏறும். 6 வருஷத்துல என் சம்பளம் எத்தனை படி ஏறிச்சோ, அத்தனை படியிலயும் வீட்டுக்காரர் எனக்கு முன்னாடியே ஏறி நின்னுக்கிட்டு இருந்தார்.

மூணாவதுதான் முக்கியம். "ஊர்ல ஜாதி இருக்கு. மெட்ராஸ்ல அது இல்லை." முதல் வாக்கியத்தை நான் மறுக்க மாட்டேன். ஊரும் காலனியும் இன்னும் தனித்தனியா இருக்கிற இடத்துல இருந்து எழுதிக்கிட்டு கிராமத்தை சொர்க்கம்னு சொன்னா என்னை மாதிரி அயோக்கியன் எவனும் இருக்க மாட்டான். அதுக்காகவே ஊரை விட்டுப் போறவங்களை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அருகதை கிடையாது. ஆனா ரெண்டாவது வாக்கியம்? வீடு தேடிப் போனவங்களைக் கேளுங்க. "நீங்க என்ன ஆளுங்க?"ன்னு நேராவே கேட்பாங்க. கொஞ்சம் நாகரிகமானவங்க "சைவமா, அசைவமா?"ன்னு கேட்பாங்க. பேரைக் கேட்டதும், "இப்பத்தான் வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம்"பாங்க. என்கூட வேலை பார்த்த ஒரு முஸ்லிம் நண்பர் ஒரே வாரத்துல பதினோரு வீட்டுல இந்த பதிலைக் கேட்டார். இங்க தெருவுல இருக்கிறது அங்க டூ-லெட் போர்டுல இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

உத்திரமேரூர்க்காரன் எழுதிட்டு குடவோலையைச் சொல்லாம விட்டா சாமி குத்தம் ஆயிடும். பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் வருஷத்துக் கல்வெட்டு. 2020 டிசம்பர்ல புதுப் பாராளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டினப்போகூட பிரதமர் அதைப் பத்திப் பேசினார். ஜனநாயகம்னு எல்லாரும் புல்லரிக்கிறாங்க. அதுல இருக்கிற தகுதியை யாரும் சேர்த்துச் சொல்றதில்லை. உறுப்பினர் ஆகணும்னா வரி கட்டற நிலம் இருக்கணும், சொந்த மனையில கட்டின வீட்டுல குடியிருக்கணும். வாடகைக்காரன் பேரு குடத்துக்குள்ளேயே விழாது!

1,100 வருஷம் கழிச்சும் பெருசா மாறலை. மெட்ராஸ்ல வாடகைக்கு இருக்கிற எங்க ஆளுங்க பலபேர் ஓட்டை மாத்தறதே இல்லை. தேர்தலுக்கு முதல் நாள் பஸ்ல தொங்கிக்கிட்டு ஊருக்கு வருவாங்க. ஓட்டு ஊர்ல, உழைப்பு மெட்ராஸ்ல. அப்புறம் மெட்ராஸ் கவுன்சிலர் உன் தெரு சாக்கடையைப் பத்தி ஏன்யா கவலைப்படப் போறார்? ரேஷன் கார்டும் அப்படித்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் மிதந்தப்போ 6,000 ரூபா நிவாரணம் ரேஷன் கார்டை வெச்சுதான் கொடுத்தாங்க. வெளியூர் கார்டு வெச்சிருந்தவங்க தனியா மனு எழுதிக்கிட்டு நின்னாங்க. வாடகை குறையுதேன்னு தரைத்தளத்துல குடியிருந்து, கட்டில், பீரோ, பிரிட்ஜ்னு முதல்ல நனைஞ்சவங்களும் அவங்கதான்.

சும்மா புலம்பிட்டுப் போனா ஆச்சா? எனக்குத் தோணுறது மூணு.

1. அட்வான்ஸ் மூணு மாசம்னா மூணு மாசம். "ஒப்பந்தத்தில் வேறு விதமாக இருந்தாலன்றி" என்ற வாலை வெட்டணும். அதுவரைக்கும் வாடகை ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு பண்ணுங்க. பதிவு இல்லாத காகிதத்தை வெச்சுக்கிட்டு நம்ம பக்கத்து நியாயத்தை யார்கிட்டயும் போய்ச் சொல்ல முடியாது.

2. செங்கல்பட்டு வரைக்கும் மின்சார ரயில் இருக்கு. உத்திரமேரூருக்கு ரயிலே கிடையாது. ராத்திரி கடைசி ரயில்கள் செங்கல்பட்டு வர்ற நேரத்துக்கு எங்க ஊர் வரைக்கும் நம்பி ஏற ஒரு பஸ் வேணும். இன்னிக்கு புக்கத்துறை கூட்டு ரோட்டுல இறங்கி, வர்ற லாரியில கை காட்டிட்டு நிக்கிறோம். பஸ் இருந்தா பாதிப்பேர் 11,000 வாடகையே கொடுக்க வேண்டியதில்லை. குழந்தையும் ஆயாகிட்ட மட்டும் வளராது, அப்பா அம்மாவையும் தினம் பார்க்கும்.

3. "மெட்ராஸ் போ"ன்னு சொல்ற பெரியவங்களே, சம்பளம் எவ்வளவுன்னு கேட்கறதை நிறுத்துங்க. வாடகை, அட்வான்ஸ், வட்டி, கேன் தண்ணி எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும்னு கேளுங்க. மிஞ்சலைன்னா அந்த வேலையை வாழ்த்தாதீங்க. "இன்னும் அஞ்சாயிரம் கூடக் கேளுடா"ன்னு சொல்லிக் கொடுங்க. பையன் கேட்கத் தயங்கற அந்த அஞ்சாயிரத்தைத்தான் நீங்க அரிசியாவும் வட்டியாவும் கொடுத்துக்கிட்டு இருக்கீங்க.

பி.கு: 6 வருஷம் கடற்கரைப் பட்டணத்துல இருந்தும் பீச்சுக்கு எத்தனை தடவை போனேன்னு வீட்டுல எண்ணிப் பார்த்தோம். நாலு தடவை. அதுல ரெண்டு தடவை ஊர்ல இருந்து வந்த சொந்தக்காரங்களுக்குச் சுத்திக் காட்ட!