ரத்தத்தில் பறையும் இல்லை, கிட்டாரும் இல்லை

ஒரே வாக்கியத்தை இரண்டு வாயிலிருந்து கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதல் வாய், திருவில்லிபுத்தூரில் நான் கிளார்க்காக இருக்கிற வங்கிக் கிளையில். மதியச் சாப்பாட்டு நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜபாளையத்தில் நம்ம தெருப் பிள்ளைகளுக்கு நான் கிட்டார் சொல்லிக் கொடுப்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொல்கிறார்: "உங்க பிள்ளைகளுக்கு எதுக்கு சார் கிட்டாரு? பறைன்னா ரத்தத்துலயே இருக்கும், தானா வந்துரும்." பாராட்டுகிறாராம்.

இரண்டாவது வாய் நம்முடையது. ஏப்ரல் 14, ராஜபாளையம், அண்ணல் பிறந்தநாள் கூட்டம். என்னிடம் படிக்கிற பையன், பாலிடெக்னிக் இரண்டாம் வருசம், கிட்டாரோடு மேடை ஓரத்தில் நிற்கிறான். பொறுப்பில் இருந்த தோழர் வந்தார். "தம்பி, இது வெள்ளைக்காரன் வாத்தியம், சர்ச்சு வாத்தியம். கீழ வச்சிட்டுப் பறையை எடு. அதுதான் நம்ம ரத்தம்" என்றார். அவன் பறை அடித்ததே இல்லை. அடித்தவர் அவன் தாத்தா. ஊர்ச் சாவுக்கு இனி அடிக்க மாட்டேன் என்று ஒருநாள் தோலைக் கிழித்துப் போட்டவரும் அவரே. பையன் ஒன்றும் பேசவில்லை. கிட்டாரை உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

தோழர், உங்களைத்தான் கேட்கிறேன். தயிர்சாதத்துக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து வைப்பது என்று அண்ணல் 1936-லேயே எழுதிவிட்டார். பிறப்பைப் பார்த்து ஒருத்தன் கையில் ஒரு வாத்தியத்தைத் திணிப்பது அந்தப் பிரிவினை அல்லாமல் வேறென்ன? நம்மைப் பறை அடிக்க வைத்தது சாதி. அடிக்க மாட்டோம் என்று நம் கிழவர்கள் உதைபட்டது விடுதலை. 1990களில் கலைவிழாக்களில் நாமே அதை எடுத்து மேடையில் அதிர வைத்ததும் விடுதலை. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் இருப்பது விருப்பம் என்ற ஒன்றுதான். அதைப் பிடுங்கிக்கொண்டு ரத்தம் பேசினால் மனு சிரிப்பான்.

கிட்டார் யாருடைய வாத்தியம் என்ற கதைக்கு வருவோம்.

என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு முதல் மாசம் கட்டைவிரல் மட்டும்தான். தடித்த கம்பிகள் மூன்றும் கட்டைவிரலுக்கு. மெல்லிய மூன்றும் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலுக்கு, ஆளுக்கொன்று. கட்டைவிரல் ஆறாம் கம்பி, நாலாம் கம்பி, மறுபடி ஆறு, நாலு என்று மாறி மாறி விழ வேண்டும். மேலே என்ன நடந்தாலும் அது நிற்கக் கூடாது. என் அம்மா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்த விசைத்தறிக்காரி. தறி தடக் தடக் என்று ஓடிக்கொண்டேயிருக்க, பக்கத்துத் தறியில் அறுந்த இழையை விரல் முடிந்துகொண்டிருக்கும். கட்டைவிரலைத் தறி என்று சொன்னால் நம்ம பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. எந்தக் கிரேடு புத்தகத்திலும் இந்த விளக்கம் கிடையாது.

இந்த வாசிப்புக்கு உலகம் வைத்திருக்கிற பெயர் 'ட்ராவிஸ் பிக்கிங்'. மெர்ல் ட்ராவிஸ் அமெரிக்காவின் கென்டக்கிக்காரர், வெள்ளையர். அவர் யாரிடம் கற்றார், அந்த ஆள் யாரிடம் கற்றார் என்று பின்னாலேயே போனால் ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பர் நிற்கிறார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1931-ல் செத்துப் போனார். அவர் வாசித்ததில் ஒரு பதிவுகூடக் கிடையாது. வித்தை ஷுல்ட்ஸுடையது, பெயர் ட்ராவிஸுடையது.

பேரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் எங்கள் மாவட்டத்துக்கு வரலாம். 1997-ல் இங்கே அரசு பஸ்ஸில் வீரன் சுந்தரலிங்கம் என்று எழுதினார்கள். அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். கல், தீ, துப்பாக்கி எல்லாம் வந்தது. கடைசியில் எந்தத் தலைவர் பேரும் வேண்டாம் என்று போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலும் அரசு அழித்துவிட்டது. நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. தினமும் ராஜபாளையத்திலிருந்து வில்லிபுத்தூருக்கு அதே ரோட்டில்தான் வேலைக்குப் போகிறேன்.

எலிசபெத் காட்டன் என்று ஒரு கறுப்புக் கிழவி. சின்ன வயதில் வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் கிட்டார் வாங்கினவர். இடதுகைக்காரி. வலதுகைக்காரர்களுக்குக் கட்டின கிட்டாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். அதனால் அவருக்குக் கட்டைவிரல் பாட்டை வாசிக்கும், மற்ற விரல்கள் அடித்தளம் போடும். சொல்லிக் கொடுக்க யாராவது இருந்திருந்தால் முதல் நாளே 'தப்பு' என்று கையைத் தட்டிவிட்டிருப்பார்கள். பதின்வயதில் அவர் கட்டிய 'ஃப்ரெய்ட் ட்ரெயின்' பாட்டை 1950களில் இங்கிலாந்தில் வேறு யாரோ தங்கள் பேரில் பதிந்துகொண்டார்கள். அதை மீட்கவே ஒரு போராட்டம். கிராமி விருது கையில் வந்தபோது வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. நம்ம ஊரில் இடது கையால் சோற்றுக்கரண்டியைத் தொட்டாலே முகம் சுளிக்கிறவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி ஸ்லைடு. எனக்குப் பைத்தியம் பிடித்த இடம் இதுதான். 1903 வாக்கில் மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்துக்கிடந்தார் டபிள்யூ. சி. ஹேண்டி. கந்தல் உடுத்திய ஒரு கறுப்பர் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பிமேல் கத்தியை வைத்துத் தேய்த்து வாசிக்கிறார். இதைவிட விசித்திரமான இசையைத் தான் கேட்டதில்லை என்று ஹேண்டி பின்னாளில் எழுதினார். கவனியுங்கள், ஹேண்டியும் கறுப்பர்தான். பேண்டு வாத்தியக் குழு நடத்திய, நொட்டேசன் படித்த கறுப்பர். அவருக்கே தன் சனத்தின் இசை விசித்திரமாகப் பட்டது. படித்துவிட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற நாம் எல்லோரும் கொஞ்சம் ஹேண்டிகள்தான்.

கிட்டார் வாங்க வழியில்லாத பிள்ளைகள் அங்கே சுவரில் ஒற்றைக் கம்பியை ஆணியடித்து, பாட்டிலால் தேய்த்து வாசித்தார்கள். ஒரு மனுசத் தொண்டையின் அழுகை இரும்பிலிருந்து வந்தது. இதே வேலையை இங்கே கோட்டுவாத்தியம் செய்தால் அது கமகம், சாஸ்திரம். கிட்டாரில் செய்து அதற்கு 'மோகன வீணை' என்று பெயரும் சூட்டிவிட்டால் சபையில் பாய் விரிப்பார்கள். 1994-ல் விஸ்வ மோகன் பட்டுக்குக் கிராமியும் வந்தது. அவர் வாசிப்பில் எனக்கொரு குறையுமில்லை, கேட்டுக் கிறங்கியிருக்கிறேன். வீணை என்ற பேர் எதற்குத் தேவைப்பட்டது என்பதுதான் கேள்வி.

என் ஸ்லைடு சைக்கிள் கடையில் பிறந்தது. பழைய ஹேண்டில்பார் குழாயை இரண்டரை இஞ்சுக்கு அறுத்து, முனையை அரத்தால் ராவினால் சுண்டுவிரலில் சரியாக உட்காரும். ஆறு, ஐந்து, ஒன்று இந்த மூன்று கம்பிகளையும் ஒவ்வொரு சுரம் இறக்கிக் கட்டினால் சும்மா மீட்டினாலே ஜி மேஜர் பேசும். குழாயை அழுத்தக் கூடாது, மிதக்க விட வேண்டும். கட்டத்துக்கு நடுவில் இல்லை, ஃப்ரெட் கம்பிக்கு நேர்மேலே நிறுத்த வேண்டும். மயிரிழை தவறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். பின்னால் வருகிற விரல் கம்பியை லேசாகத் தொட்டு இரைச்சலை அமுக்க வேண்டும். எனக்கு ஒன்றரை வருசம் ஆனது. ரத்தத்தில் இருந்தால் ஏன் ஒன்றரை வருசம்?

வில்லிபுத்தூர் என்றதும் சிலருக்குப் பால்கோவா, சிலருக்குக் கோபுரம். எனக்கு 2024 டிசம்பர் 15. லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கிய விரல்கள், பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் இசைத்த விரல்கள், அன்று ஆண்டாள் கோயிலில் கும்பிட்டபடி நின்றன. அர்த்த மண்டபத்துக்குள் கால்வைத்த இளையராஜாவை வெளியே நிற்கச் சொன்ன காட்சியை நாடே பார்த்தது. அர்ச்சகர்கள், ஜீயர்கள் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது என்பது மரபு என்றது அறநிலையத்துறை. அவரும், வருகிறதெல்லாம் வதந்தி, சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் நானில்லை என்று சொல்லிவிட்டார். சரி, மரபென்றே வைத்துக்கொள்வோம். 'யாரும்' என்ற சொல்லுக்குள் அடங்காமல் சிலர் மட்டும் உள்ளே நிற்கிறார்களே, அவர்கள் எந்தப் பரீட்சை எழுதிப் போனார்கள்? அங்கேயும் ரத்தம்தான். அவரோடு நமக்கு ஆயிரம் அரசியல் கணக்கு உண்டு. 2022-ல் அண்ணலை மோடியோடு ஒப்பிட்டு எழுதிய முன்னுரையை நான் மன்னிக்கப் போவதில்லை. அதற்காக அந்த விரல்களின் உழைப்பைப் பொய்யென்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பையன் இரண்டு மாசம் வரவில்லை. பிறகு வந்தான். கற்பனையாக வாசிக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் ஃப்ரெட்டில் ஐந்தே சுரம், ஏ மைனர் பென்டடானிக். சபைக்காரர்கள் சுத்த தன்யாசி என்பார்கள். எங்க ஆச்சி ஒப்பாரி வைக்கும்போது இழுத்த சில இழுப்புகள் அதன் பக்கத்திலேயே இருப்பதாக என் காதுக்குப் படுகிறது. முதலில் பயந்து மூச்சுவிடாமல் வாசித்துத் தள்ளினான். "ரெண்டு சுரம் போதும்டா. வாசி, நிறுத்து. எதிராளி என்ன சொல்றான்னு கேளு, பிறகு பேசு" என்றேன். நிறுத்தினான். ஒரு நிமிசம் கழித்து அவனாகவே சொன்னான்: "அண்ணே, தாத்தா இப்படித்தான் அடிப்பாராம். ஒருத்தர் கேட்பாராம், இன்னொருத்தர் பதில் அடிப்பாராம்." நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கிட்டார் பிடித்த பிறகுதான் அவன் வீட்டில் போய்த் தாத்தாவைப் பற்றி விசாரித்திருக்கிறான்.

2018 ஜனவரியில் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் தடவை மேடையேறியபோது பறையும் கானாவும் கிட்டாரும் பக்கத்துப் பக்கத்தில்தான் நின்றன. நீங்களும் அதைச் செல்போனில் பார்த்துக் கைதட்டினீர்கள், தோழர். எனக்கும் ஃபார்வர்டு பண்ணினீர்கள்.

டிசம்பர் 6 நிகழ்ச்சிக்குப் பையன் ஸ்லைடு வாசிக்கிறான். கூட இரண்டு பறை, அடிக்கப் போகிறவர்கள் கல்லூரிப் பெண்கள், அவர்களாகவே கேட்டு வந்தவர்கள். பறைச் சத்தத்தில் கிட்டார் அமுங்கிவிடும், அதற்குத் தனி மைக் வேண்டும். சவுண்டு சர்வீஸ்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். போன தடவை மாதிரி மேடை ஏறின பிறகு பேச வேண்டாம்.