பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

இறுதியாண்டுத் திட்ட அறிக்கைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும்: ‘மின்சுற்று எதிர்பார்த்தபடி நன்கு இயங்கியது.’ நானும் எழுதியிருக்கிறேன். மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரில் அப்பாவுக்குப் பூக்கடை. மின்சாரம் போனாலும் மாலை கட்ட வெளிச்சம் வேண்டுமே என்று லித்தியம் அயன் மின்கலத்தில் ஒரு விளக்கு செய்து கொடுத்தேன். மின்னூட்டியும் 5 வோல்ட் மின்னழுத்தச் சீராக்கியும் ஒரே பலகையில் அமைந்த மலிவான சுற்று. சிவப்பு விளக்கு எரிந்தது, பிறகு பச்சைக்கு மாறியது. என் ‘சோதனை’ அத்தோடு முடிந்தது. ஐந்தே மாதத்தில் தட்டை மின்கலம் தலையணைபோல் உப்பிவிட்டது. நாரும் காகிதமும் நிறைந்த கடையில் தீப்பிடிக்காமல் போனது எங்கள் நல்ல காலம்.

1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கிய பின், நம் பெண்கள் பலர் அங்குள்ள மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போனார்கள். அம்மாவும் ஒருவர், சில்லுகளைச் சூட்டில் வைத்து ஓட்டிப் பார்க்கும் ‘பர்ன்-இன்’ பிரிவில் இருந்தவர். உப்பிய மின்கலத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: “எத்தனை மணி நேரம் ஓட விட்டுப் பார்த்தே? சூட்டுல வெச்சிப் பார்த்தியா?” பொறியியல் பட்டதாரியிடம் பதில் இல்லை.

பிறகுதான் அளந்தேன். இத்தகைய மின்னூட்டி முதலில் மாறா மின்னோட்டத்தையும், மின்கலம் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் மாறா மின்னழுத்தத்தையும் தரும். மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் நிறுத்திக்கொள்ளும். பரவலாக விற்பனையாகும் டிபி 4056 சில்லில் 1.2 கிலோ ஓம் மின்தடை வைத்தால் 1 ஆம்பியர். நிறுத்தும் எல்லை 100 மில்லிஆம்பியர். அப்பாவோ பகலெல்லாம் விளக்கை எரியவிட்டபடியே மின்னூட்டியிருக்கிறார். சீராக்கி மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 330 மில்லிஆம்பியர் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. மின்னூட்டியின் கணக்கில் மின்கலம் நிரம்பவே இல்லை. அது நாள் முழுக்க 4.2 வோல்ட்டில் பிடித்து வைக்கப்பட்டது, வெப்பமும் சேர்ந்துகொண்டது. 5 வோல்ட்டிலிருந்து 3.7 வோல்ட்டுக்கு 1 ஆம்பியர் செலுத்தும் நேரியல் மின்னூட்டி 1.3 வாட்டை வெறும் சூடாக்குகிறது. தரவுத்தாளின் எண்கள் பெரும்பாலும் 25 பாகை செல்சியஸுக்கு உரியவை. பினாங்கின் நடுப்பகலில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 25 பாகை ஏது?

குற்றம் பலகையுடையது அன்று, என்னுடையது. மின்னூட்டும்போது விளக்குக்கான மின்சாரத்தை நேரே அடாப்டரிலிருந்து திருப்பிவிடும் தனிவழி வைத்திருக்க வேண்டும். சுற்றைச் சுமையோடும் சுமையின்றியும் ஓட்டிப் பார்த்திருந்தால் முதல் நாளிலேயே தெரிந்திருக்கும்.

“அதற்கெல்லாம் நேரமேது, கருவியேது?” என்று தம்பி தங்கைகள் கேட்பது காதில் விழுகிறது. நேரம் உண்மையிலேயே குறைவுதான், அதை மறுக்கமாட்டேன். கருவி என்ற சாக்கை மட்டும் ஏற்க முடியாது. ஒரு மல்டிமீட்டர், 0.1 ஓம் மின்தடை ஒன்று, வெப்பமானி, ஒரு முழுப் பிற்பகல். மின்கலத்தை 3 வோல்ட் வரை இறக்கிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வெப்பத்தையும் குறித்தால் போதும். பெட்டியை மூடி மறுபடியும் ஒரு முறை. 4.2 வோல்ட்டில் ஒன்றரை விழுக்காடு பிசகினாலே 4.26 ஆகிவிடும், அது விளக்கின் நிறத்தில் தெரியாது.

விரிவுரையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். சுற்று இயங்கியதற்கு மதிப்பெண் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த நிலையில் அது இயங்க மறுத்தது என்று எழுதும் மாணவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். நான் படித்த காலத்தில் அப்படி எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயந்தோம்.

இப்போது கடையில் இருப்பது இரண்டாவது விளக்கு. அதன் அளவீட்டு அட்டவணை நான்கு பக்கம். அம்மா அதை வாங்கிப் பார்த்து, கடைசிப் பத்தியிலிருந்த வெப்ப அளவுகளை மட்டும் விரல் வைத்துப் படித்தார்.