சுருட்டை முடியைச் சுட வேண்டுமா?

"ஏண்டி, தலையா இது? பரட்டைக் கோலத்துல காலேஜுக்குப் போறியே... கொஞ்சம் படிய வாரிட்டுப் போகக் கூடாதா?"

சுருட்டை முடிப் பெண் இருக்கும் வீட்டில் காலை வேளையில் இந்த வசனம் கேட்காமல் இருக்காது. பாட்டி சொல்வார், அம்மா சொல்வார், கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவு அத்தையும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போவார். இத்தனைக்கும் 'சுருட்டை முடி சோறு போடும்' என்று சொல்லி வைத்ததும் நாம்தான்! அதே முடி பையனுக்கு இருந்தால் யாரும் மூச்சு விடுவதில்லை. பெண்ணாகப் பிறந்தால் மட்டும் அது ஒரு குறை. இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள், கையில் நாலு காசு வந்ததும் எதை வாங்குகிறாள்? முடியை நேராக்கும் மின்சார அயர்னை. துணிக்குப் போடுகிற மாதிரி தலைக்கும் தினம் ஒரு இஸ்திரி!

அந்த அயர்னில் எவ்வளவு சூடு என்று வீட்டில் யாராவது விசாரித்ததுண்டா? தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். எண்ணெய்ச் சட்டியில் வடை பொரிவது ஏறக்குறைய 180 டிகிரியில். முடி அயர்ன்களோ 150-லிருந்து 230 டிகிரி வரை ஏறுகின்றன. வடைச் சட்டியின் சூட்டை இரண்டு தகடுகளில் ஏற்றி, நடுவில் முடியை வைத்து அழுத்தி இழுக்கிறோம் என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் ஒரு வகை, தண்ணீர் பட்டால் அவிழும். காய்ந்தால் மறுபடி சேரும். தலைக்குக் குளித்தவுடன் நீளமாகத் தொங்குகிற சுருட்டை முடி, காய்ந்ததும் சுருண்டு மேலே ஏறுவது இதனால்தான். அயர்னின் சூடும் முதலில் இந்தப் பிணைப்பைத்தான் அவிழ்க்கிறது. அதோடு நின்றால் பரவாயில்லை. சூடு கூடக் கூடப் புரதமே உருக்குலைகிறது. வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்க முடியுமா? அதே கதைதான். முடியின் மேல் ஓடு வேய்ந்தாற்போல அடுக்கியிருக்கும் செதில்களும் பிளந்து உரிகின்றன.

ஈர முடியில் வைத்தால் இன்னும் மோசம். 'உஸ்'ஸென்று ஒரு சத்தம் வருமே, சூடு நன்றாக ஏறிவிட்டது என்று சிலர் திருப்திப்படுவார்கள். அது முடியில் உள்ள தண்ணீர் கொதிக்கிற சத்தம்! உள்ளே ஆவியாகி, முடியைக் குமிழ் குமிழாக ஊதி விடுகிறது. இந்தக் கோளாறை 'பபிள் ஹேர்' என்ற பெயரில் தோல் மருத்துவர்கள் 1986-ல் பதிவு செய்தார்கள். குமிழ் விட்ட இடத்தில் முடி 'படக்'கென்று ஒடியும்.

நேர் முடிக்காரியும்தானே அயர்ன் போடுகிறாள் என்பீர்கள். சுருட்டை முடியின் அமைப்பே வேறு. அதன் வேர்ப்பை வளைந்திருக்கும், இழை உருண்டையாக இல்லாமல் சற்றுத் தட்டையாக இருக்கும். தலையில் இயற்கையாக ஊறும் எண்ணெய் நேர் முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரை போகும். சுருட்டையில் வளைவுக்கு வளைவு தங்கிவிடும். அதனால் நுனி எப்போதும் வறட்சிதான். ஏற்கெனவே காய்ந்து கிடப்பதைச் சுட்டால் என்ன ஆகும்?

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். முப்பது சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும் நுனிக்கு வயது இரண்டரை வருஷம்! அதில் உயிரில்லை. வெட்டுப்பட்ட விரல் ஆறுகிற மாதிரி அது தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளாது. எந்த சீரமும் மேலே பூசி மறைக்குமே தவிர, கருகியதைத் திரும்பக் கொடுக்காது.

"அப்படியானால் பார்லரில் ஒரேயடியாக நேராக்கி விடலாமே?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. 'கெரட்டின் ட்ரீட்மென்ட்' என்று அழகாகப் பெயர் சூட்டுகிறார்கள். அவற்றில் பலவற்றில் சூடு பட்டதும் வெளியேறும் ஃபார்மால்டிஹைடு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்தது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் சாதுவல்ல. முடி நேராக்கும் க்ரீமில் அது சேர்ந்ததால், ஓர் இளம்பெண்ணுக்கு ஒவ்வொரு முறை பார்லருக்குப் போன பின்பும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. மொத்தம் மூன்று முறை. 2024-ல் ஒரு முன்னணி அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்த விவரம் இது. நேர் முடிக்காகக் கிட்னியைப் பணயம் வைக்க வேண்டுமா?

சரி, சூடில்லாமல் இந்தத் தலையை எப்படி மேய்ப்பது? நம் வீட்டிலேயே வழி இருக்கிறது.

முக்கியமான விஷயம், காய்ந்த சுருட்டை முடியில் சீப்பை வைக்கவே கூடாது. வாரிய மறுநிமிஷம் பஞ்சு மிட்டாய் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். உடனே பழி முடியின் மேல் விழும். குளிக்கும்போது, கண்டிஷனர் தடவிய ஈர முடியில், அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து சிக்கெடுங்கள். சொரசொரப்பான டர்க்கி டவலால் பரபரவென்று தேய்க்காதீர்கள். அப்பாவின் பழைய பருத்தி வேட்டித் துணி போதும். ஒற்றி எடுங்கள்.

பிறகு, ஈரம் சொட்டாத ஆனால் காயாத நேரத்தில், செம்பருத்தி இலையைக் கசக்கி வடிகட்டிய கொழகொழப்போ, ஆளி விதையைக் கொதிக்க வைத்து வடித்த கூழோ கொஞ்சம் எடுத்து இழைகளில் தடவி, உள்ளங்கையில் முடியை ஏந்தி மேல்நோக்கிக் கசக்கி விடுங்கள். சுருள்கள் தாமாகவே கூடும். அப்புறம் முழுசாகக் காயும் வரை தொடக்கூடாது. இதுதான் கஷ்டம்! கை சும்மா இருக்காது. ஃபேன் காற்றில் காயட்டும். அவசரமென்றால் டிரையரைக் குளிர் காற்றில் வைத்துத் தள்ளிப் பிடிக்கலாம். சாம்பிராணிப் புகையில் காட்டுவது அந்தக் காலப் பழக்கம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அது வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் வீண் இல்லை. குளிப்பதற்கு முன் தடவினால் முடியிலிருந்து புரதம் கரைவது குறைகிறது என்று 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதைச் செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் மும்பை நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்! பொடுகு உள்ளவர்கள் மண்டையில் தேய்க்காமல் முடியின் நீளத்தில் மட்டும் தடவட்டும். ராத்திரி தலையணைக்குக் கிழிந்த பட்டுப்புடவையில் ஒரு உறை தைத்துப் போட்டால் முடி உரசாது.

ஏற்கெனவே அயர்ன் போட்டவர்களுக்கு வேர்ப்பக்கம் சுருட்டையும் நுனிப்பக்கம் தொய்ந்த நாருமாக இருக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நுனியை வெட்டிக் கொண்டே வர வேண்டியதுதான். முழுசாக மாற இரண்டு வருஷம்கூட ஆகலாம். அந்த நாட்களில் வீட்டார் வாயைக் கட்டினாலே பாதி வைத்தியம். 2015-ல் 'பிரேமம்' வந்தபோது அனுபமா பரமேஸ்வரனின் சுருட்டை முடியைத் தியேட்டரில் ரசித்தவர்கள், அதையே சொந்தப் பெண்ணின் தலையில் பார்த்தால் ஏனோ முகம் சுளிக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு மட்டும் என்கிறீர்களா? ஒரு நாள் அயர்ன் போட்டதால் தலை மொட்டையாகிவிடாது. நன்றாகக் காய்ந்த முடியில், சூட்டைக் குறைத்து வைத்து, ஓர் இழையில் ஒரே தடவை இழுத்தால் சேதம் குறைவு. ஆனால் அந்த முடிவைப் பெண் எடுக்கட்டும். "எனக்குச் சுருட்டையாகவே இருக்கட்டும்" என்று அவள் சொன்னால், பியூட்டிஷியனிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நேர் முடியில் வழுக்குகிற மல்லிகைச் சரம் சுருட்டையில் நழுவாது. ஹேர்பின்னும் நாலைந்து மிச்சம்.