ஆடையும் ஆவணமே

2012-இல் பானு அத்தையா தம் ஆஸ்கர் விருதை அமெரிக்கத் திரைக் கலைக்கழகத்திடமே ஒப்படைத்தார். கோலாப்பூரில் பிறந்து, ‘காந்தி’ படத்தின் ஆடை வடிவமைப்பிற்காக, ஜான் மொல்லோவுடன் இணைந்து, இந்தியாவிற்கு முதல் ஆஸ்கரைப் பெற்றுத் தந்தவர் அவர். இந்நாட்டில் அவ்விருது பாதுகாப்பாக இராது என அவர் அஞ்சினார். அதைத் தனியொருவரின் மனக்குறையென ஒதுக்கிவிட்டோம். உண்மையில் அது நம்மீதான தீர்ப்பு.

புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இயங்குகிறது. படச்சுருள், சுவரொட்டி, நிழற்படம், பாட்டுப்புத்தகம் எனத் திரட்டிக் காக்கிறது. நன்று. ஆடை? ‘படத்திலேயே தெரிகிறதே’ என்பர் சிலர். இதே நகரில் பிரபாத் நிறுவனம் 1936-இல் எடுத்த ‘சந்த் துக்காராம்’ கறுப்பு வெள்ளைப் படம். அதில் வரும் தலைப்பாகையின் நிறத்தை எந்தப் படச்சுருள் சொல்லும்? துணியின் நெசவையும் உள்தையலின் நுட்பத்தையும் எந்தச் சுவரொட்டி காட்டும்?

பாக்குவெட்டியும் விளக்கும்கூட வரலாறே எனக் கண்டு, தினகர் கேள்கர் என்ற தனிமனிதர் இதே புனேயில் ஓர் அருங்காட்சியகத்தையே உருவாக்கினார். பாக்குவெட்டிக்குக் கிடைத்த மதிப்பு திரையாடைக்கு ஏன் இல்லை? நடிகரின் முகத்தைக் காத்து, தையற்கலைஞரின் உழைப்பை வாடகைக் கிடங்கில் மட்கவிடுவது பாதி வரலாறே. மும்பையிலும் சென்னையிலும் எஞ்சியிருப்பவற்றையேனும் பட்டியலிடுக. ஆடையை ஆவணமென அறிவித்திடுக.